முள் விழாத கோடு

“உங்க வீட்டம்மா ஒரு தடவைகூடவா கோபப்படல?”

“கோபப்படுத மாதிரி நாங்க நடந்துக்கிடல.”

“சரி, பயம்?”

“எதுக்குப் பயப்படணும்? நான் பக்கத்துலயேதான இருந்தேன்.”

“சார், ஆபரேஷன் முடிஞ்சு எண்பத்தி நாலு நாள் ஆச்சு. ஒரு நாய் குரைச்சிருக்காதா? கரப்பான்பூச்சி பறந்திருக்காதா?”

“கரப்பானுக்கு மருந்தடிச்சிட்டேன். நாய் ஒண்ணு தெருவுல உண்டு. அதுக்கு பன்னு வாங்கிப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமா அடுத்த தெருவுல பழக்கி விட்டுட்டேன்.”

பிரமநாயகம் இதைச் சற்றுப் பெருமையோடுதான் சொன்னார். எதிரில் உட்கார்ந்திருந்த ஜெசிந்தா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். பாளையங்கோட்டையில் இருந்த அந்தச் சுரப்பி மருத்துவமனையில் அவளுக்கு வரைபடம் பார்க்கும் வேலை. நோயாளிகளின் மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டை நாள்முழுக்கச் சேர்த்துவைப்பதைத் திரையில் விரித்து, அதில் என்ன இருக்கிறது என்று டாக்டருக்கு எழுதித் தர வேண்டும். இன்றைக்கு எழுத ஒன்றும் இல்லை. அதுதான் அவளுக்குக் கவலையாக இருந்தது.

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். நீல நிறத்தில் ஒரு கோடு ஒவ்வொரு விடியலிலும் மெல்ல ஏறி, மாலைக்குள் சரிந்து, மறுநாள் மீண்டும் ஏறியது. தூரத்தில் தெரியும் குன்றுகளை ஒரு குழந்தை வரைந்த மாதிரி அழகாக இருந்தது.

“நல்லாத்தான இருக்கு?” என்றார் பிரமநாயகம்.

“இந்த மேடு நல்லா இருக்கு. காலைல எந்திரிக்கிறதுக்கு வேண்டியதை அம்மாவோட புதுச் சுரப்பி சரியாச் செய்யுது. ஆனா இந்த மேட்டுக்கு மேல முள்ளு முள்ளா நிக்கணும். திடுக்கிடும்போது ஒண்ணு, சண்டை போடும்போது ஒண்ணு, பஸ்ஸுக்கு ஓடும்போது ஒண்ணு.” இன்னொரு படத்தைத் திறந்தாள். அது கருவேலங்கிளை போல இருந்தது. “இவங்களுக்கும் அதே ஆபரேஷன்தான். அதே எண்பத்தி நாலாவது நாள்.”

“யாரு இவிய?”

“பேரு சொல்லக் கூடாது. மாமியாரும் நாத்தனாரும் ஒரே வீட்ல இருக்காங்கன்னு மட்டும் சொல்றேன்.”

பிரமநாயகம் சிரிக்கவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி சங்கரவடிவு கையில் ஊசிக் குழாயோடு படுத்து, கூரையில் மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுரப்பியைத் தூண்டும் மருந்தைச் செலுத்திவிட்டு, ஒரு மணி நேரத்தில் மூன்று முறை ரத்தம் எடுக்கும் சோதனை. அவளுடைய முகத்தில் ஒரு காலத்தில் இருந்த எலுமிச்சைத்தோல் நிறம் இப்போது இல்லை.

பதினோரு வருடங்களுக்கு முன்னால் அந்த நிறத்தைப் பார்த்து எல்லோரும் மஞ்சள்காமாலை என்றார்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் நாலுக்கு வந்து நின்றது. நாக்கு வழுவழுவென்று சிவந்து, உப்பு பட்டாலே எரிந்தது. கால்விரல்கள் மரத்து, செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல் நடந்தாள். இரும்புச் சத்து மாத்திரை, பேரீச்சம்பழம், ஆட்டு ஈரல் எல்லாம் கொடுத்துப் பார்த்தபின்தான் ஒரு டாக்டர் கண்டுபிடித்தார். சாப்பாட்டிலிருந்து பி12 சத்தைப் பிடித்து உள்ளே அனுப்புகிற ஒரு பொருள் வயிற்றில் ஊறும். வடிவின் உடம்பு அதை அந்நியன் என்று நினைத்து அடித்துத் துரத்திக்கொண்டிருந்தது. வாழ்நாள் முழுக்க மாதம் ஒரு சிவப்பு ஊசி போட்டால் போதும் என்றார். போட்டார்கள். சரியானது.

அதே குழப்பம் எட்டு வருடம் கழித்து சிறுநீரகத்தின் தலையில் இருக்கும் அட்ரினல் சுரப்பிக்கும் பரவியது என்பது ஒருவருக்கும் தெரியாது. வடிவின் அப்பா இறந்த தகவல் போனில் வந்தது. “அப்பா போயிட்டாவளாம்” என்று பிரமநாயகம்தான் சொன்னார். அவள் அப்படியே சுவரில் சரிந்து விழுந்தாள். ரத்த அழுத்தம் கருவியில் தெரியாத அளவுக்கு இறங்கிவிட்டது. சாதாரண ஆளுக்கு அதிர்ச்சி வந்தால் தாங்கிப்பிடிக்கிற சுரப்பி அவளுக்கு இல்லை என்று மூன்றாம் நாள் சொன்னார்கள். பிழைத்தது பெரிய விஷயம். அன்றிலிருந்து பிரமநாயகம் வீட்டுக்கு வரும் செய்திகளை வாசலிலேயே நிறுத்திச் சலித்த பிறகுதான் உள்ளே விட்டார்.

“அதிர்ச்சி ஆகாம பாத்துக்கிடணும்னு ஒங்க டாக்டர்தான் சொன்னாவ,” என்றார் இப்போது.

“அது அப்போ, சார். பழைய சுரப்பி செத்துப் போனப்ப. இப்போ வச்சிருக்கிறது புதுசு. அம்மாவோட தோல்லேருந்து எடுத்து வளத்தது. ஒடம்பு இதையும் அடிச்சிரக் கூடாதுன்னு சுத்தி ஒரு மெல்லிசு உறை போட்டிருக்கோம். அந்த உறை தொண்ணூறாவது நாள் இறுகிரும். அதுக்குள்ள மூளைலேருந்து வர்ற நரம்பு உள்ள நுழைஞ்சு இதோட பேசிப் பழகணும். பயந்தாத்தான் பேசும். மாறுகண் பிள்ளைங்களுக்கு நல்ல கண்ணை மூடி, மந்தமான கண்ணுக்கு வேலை குடுப்பாங்கல்ல? சின்ன வயசுலயே செஞ்சாத்தான் உண்டு. அந்த மாதிரி.”

“இந்தச் சோதனையில என்ன தெரியும்?”

“முதல் ரெண்டு ரத்தத்தோட ரிசல்ட் வந்துட்டு. மருந்தால கூப்பிட்டா சுரப்பி ஓடி வருது. அந்தச் சிவப்பு ஊசியும் மாசாமாசம் சரியாப் போயிருக்கு, அது இல்லன்னா பயத்துல ஊறுற அட்ரினலின்ங்கிற நீர் கடைசிக் கட்டத்துல முழுசாத் தயாராகாது. எல்லாம் இருக்கு, சார். கூப்பிடுற குரல்தான் இல்ல.” அவள் மேசையிலிருந்து நான்கைந்து தாள்களை எடுத்தாள். “இதுக்குத்தான் பயிற்சித் தாள் குடுத்தோம். பேய்ப் படம் பாத்தாரா, ஆம். ராட்டினம் ஏறினாரா, ஆம். குடும்பத்தில் வாக்குவாதம் நடந்ததா, ஆம், ஆம், ஆம். எல்லாம் உங்க கையெழுத்து. இதை நம்பித்தான் அறுபதாவது நாள் நீங்க மழைன்னு வராதப்ப விட்டுட்டோம்.”

பிரமநாயகம் தாளையே பார்த்தார். முப்பது வருடம் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவர். ஓட்டுநர் இல்லாத பேருந்துகள் வந்து அந்த வேலையே இல்லாமல் போகும் வரை, சங்கரன்கோவில் வண்டி நாற்பது நிமிடம் பிந்தி வந்தாலும் நேரத்துக்கு வந்ததாக எழுதிய கை அது. ஒரு டிரைவரைக்கூட மாட்டிவிட்டதில்லை.

“மிச்சம் ஆறு நாள்,” என்றாள் ஜெசிந்தா. “பழகலன்னா எடுத்துர வேண்டியதுதான். இன்னொண்ணு வளத்து வைக்க அம்மாவோட ஒடம்பு இடம் குடுக்காது. பழைய மாத்திரைக்குப் போகணும். அடுத்த அதிர்ச்சி வரும்போது ஊசியோட யாராவது பக்கத்துல இருக்கணும், எந்நேரமும். நீங்க கடைக்குப் போற பத்து நிமிஷத்துல வந்துட்டா?”

அவர் கண்ணாடித் தடுப்பைப் பார்த்தார். வடிவு அவரைப் பார்த்துவிட்டு, ஊசி இல்லாத கையைத் தூக்கி, சாப்பிட்டாயிற்றா என்று சைகையில் கேட்டாள். அவர் தலையாட்டினார். சாப்பிடவில்லை.

“ஒரு சேதி இருக்கு,” என்றார் மெதுவாக. “ரெண்டு மாசமா உள்ள விடாம வச்சிருக்கேன். அவ தம்பி இல்ல.”

“இல்லன்னா?”

“போயிட்டான்.”

ஜெசிந்தா பேனாவை மூடி வைத்தாள்.

அம்பலவாணன் களக்காட்டில் கால்நடை ஆய்வாளர். பதினோரு வருடமாக ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை, சிவப்பு மருந்தை வெளிச்சம் படாமல் கறுப்புத் தாளில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பைக்கில் வந்து இறங்குவான். “ஏ அக்கா, கையைக் காட்டு. மாடுகூட இம்புட்டு முறைக்காது. போட்டு முடிச்சா நக்கிக் குடுக்கும். நீ ஒரு காப்பி தரதுக்கு யோசிக்கே.” நாற்பது தாண்டி நடந்த அவனுடைய கல்யாணமும் ஒரு முதல் சனிக்கிழமையில்தான் வந்தது. மாப்பிள்ளைப் பட்டு வேட்டியோடு மணவறையிலிருந்து இறங்கி வந்து, பந்தல் ஓரத்தில் வைத்து அக்காவுக்கு ஊசி போட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தான்.

வடிவுக்கு ஆபரேஷன் முடிந்த பத்தொன்பதாம் நாள், திருக்குறுங்குடிப் பக்கம் ஒரு தடுப்பூசி முகாமில் களைப்பாக இருக்கிறது என்று மரத்தடியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ஐம்பத்தியொரு வயது. பிரமநாயகம் பென்ஷன் ஆபீசுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய், பாடை தூக்கி, எல்லாம் முடித்துவிட்டு வந்தார். அம்பலவாணனின் மனைவி செண்பகத்தின் முன்னால் கைகூப்பி நின்றார். “ஒங்க மதினிக்குத் தெரியவேண்டாம்மா. தெரிஞ்சா ரெண்டு சாவா ஆயிரும்.” செண்பகம் சரி என்றாள். “மதினி மடியில விழுந்து அழக்கூட எனக்குக் குடுத்து வைக்கலயே அண்ணாச்சி,” என்று மட்டும் சொன்னாள்.

வீட்டில், அம்பலத்துக்குக் கிருஷ்ணகிரிக்கு மாற்றலாகிவிட்டது, அங்கே மாடுகளுக்கு ஏதோ நோய் பரவுகிறது, மலைக்கிராமம், டவர் கிடைக்காது என்று சொன்னார். வடிவு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அது அவருக்கு ஆச்சரியமாக இல்லை, நிம்மதியாக இருந்தது.

“அதைச் சொல்லுங்க, சார்,” என்றாள் ஜெசிந்தா. “இங்க கூட்டிட்டு வந்து, படுக்க வச்சு, என்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டுச் சொல்லுங்க. கையில ஊசி வச்சிருப்பேன். பழைய மாத்திரையில பாதி இன்னும் போய்க்கிட்டுதான் இருக்கு. ஒண்ணும் ஆக விட மாட்டேன்.”

“வேற வழி பாக்கேன். ஆறு நாள் இருக்குல்லா.”

அந்த ஆறு நாளில் முதல் நாள் அவர் காகிதப் பையை ஊதி, சமையலறையில் அவள் முதுகுக்குப் பின்னால் போய் அடித்து உடைத்தார். சத்தத்தில் அவர்தான் திடுக்கிட்டார். வடிவு திரும்பி, “என்ன, பை ஓட்டையாப் போச்சா? அதுல கருவேப்பிலை வைக்கலாம்னு இருந்தேன்,” என்றாள்.

இரண்டாம் நாள் சாம்பாரைக் குறை சொன்னார்.

“உப்பு இல்ல.”

“போட்டுக்கிடுங்க.”

“முப்பத்தி நாலு வருஷமா இதே சாம்பார்.”

“ஆமா. முப்பத்தி நாலு வருஷமா ரெண்டாவது தடவை வாங்குதிய.”

“ஒங்க வீட்ல சமையலே சொல்லிக் குடுக்கல.”

வடிவு கரண்டியை வைத்துவிட்டு அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை என்று தெரிந்ததும் அப்பளம் எடுக்கப் போனாள். அதற்கு மேல் சண்டையை எப்படி வளர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

மூன்றாம் நாள் பேய்ப் படம், மதியக் காட்சி. இடைவேளைக்கு முன்பே அவள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான்காம் நாள் பொருட்காட்சி ராட்டினம். ஓடிப் பிடிக்கிற விளையாட்டெல்லாம் மரத்த கால்களுக்கு ஆகாது, ராட்டினத்தில் உட்கார்ந்தால் போதும் என்று யோசித்து அழைத்துப் போனார். பெட்டி உச்சிக்குப் போய் நின்று ஆடியது. தாமிரபரணியும் இரண்டு ஊர்களும் கீழே மங்கலாகத் தெரிந்தன. பிரமநாயகம் கம்பியை இறுகப் பிடித்துக் கண்ணை மூடியிருந்தார். வடிவு அவர் கைமேல் கை வைத்தாள்.

“இம்புட்டுப் பயத்தை வச்சுக்கிட்டு எதுக்கு ஏறுனிய?”

“ஒனக்குப் பயமா இல்லியா?”

“நீங்க பக்கத்துல இருக்கும்போது இது எங்க விழப் போவுது.”

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். காற்றில் அவள் நரைமுடி முகத்தில் விழுந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தாள். அந்தக் கணத்தில், தான் அவளை எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறோம் என்பதும், அந்தப் பத்திரமே அவளை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதும் அவருக்கு ஒன்றாகப் புரிந்தது. கீழே இறங்கி அவளுக்கு டெல்லி அப்பளம் வாங்கிக் கொடுத்துவிட்டு, சற்றுத் தள்ளிப் போய் ஜெசிந்தாவை போனில் அழைத்தார். பட்டையில் பதிவானதை அவள் பார்த்துச் சொன்னாள்.

“முள்ளு இல்ல, சார். பரு மாதிரி ரெண்டு இருக்கு. பத்தாது.”

“நாளைக்குக் கூட்டிட்டு வாரேன்,” என்றார். “ஆனா நாளைக்குச் சொல்லுவேனான்னு தெரியல.”

ஐந்தாம் நாள் அவர் அழைத்துப் போகவில்லை. ஆறாம் நாள், அதாவது தொண்ணூறாவது நாள், பிற்பகல் மூன்று மணிக்குப் போனார்கள்.

அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஜன்னல் திட்டில் தட்டு. தட்டில் மருந்து ஏற்றித் தயாராக இருந்த ஊசி. ஜெசிந்தா வடிவின் மணிக்கட்டுப் பட்டையைத் திரையோடு இணைத்துவிட்டு, திரையைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தாள். பிறகு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள். வடிவு கட்டிலில் தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்திருந்தாள். பிரமநாயகம் நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

“வடிவு.”

“சொல்லுங்க.”

“கிருஷ்ணகிரியில...” என்று தொடங்கினார். சட்டைப் பொத்தானைப் போட்டுக் கழற்றிப் போட்டார்.

“கிருஷ்ணகிரியில ஒண்ணும் இல்ல,” என்றாள் வடிவு. “அம்பலம் செத்துப் போயிட்டான். அதத்தான சொல்ல வந்திய?”

ஜெசிந்தா ஊசியை எடுத்துக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தாள். வடிவின் முகம் மாறவில்லை. குரலும் மாறவில்லை. ஜெசிந்தா திரையை எட்டிப் பார்த்தாள். குன்றின் சரிவு அப்படியே இருந்தது.

“யாரு சொன்னா?” பிரமநாயகத்துக்குத்தான் வாய் உலர்ந்துபோனது. “செண்பகமா?”

“பாவம், அவ ஒரு வார்த்தை சொல்லல. நீங்கதான் சொன்னிய.”

“நானா?”

“ஒரு நாள் பென்ஷன் ஆபீசுக்குப் போயிட்டுத் தலை நனைஞ்சு வந்திய. கேட்டதுக்கு மழைன்னிய. அன்னைக்கு வெயில்ல வடாம் ரெண்டு மணி நேரத்துல காஞ்சது. எங்கயோ எழவு வீட்டுக்குப் போயிட்டு முங்கிட்டு வாராவன்னு தெரிஞ்சுது. யாருன்னு தெரியல. பத்து நாள் கழிச்சு முதல் சனிக்கிழமை வந்துது.” அவள் அவருடைய கையைப் பார்த்தாள். “ஊசியைப் பாத்தாலே தலை சுத்தி விழுத மனுசன். எனக்கு ரத்தம் எடுக்கையில வெளிய போய் நிக்கிற ஆளு. அன்னைக்கு மருந்தை ஊசியில ஏத்தி, காத்தைத் தட்டி வெளிய விட்டு, வலிக்காமப் போட்டிய. எங்க போய்ப் படிச்சிய?”

“தெருமுனை கிளினிக்ல. ஆரஞ்சுப் பழத்துல போட்டுப் பழகுனேன்.”

“எத்தனை?”

“ஒரு ரெண்டு கிலோ இருக்கும்.”

வடிவு சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. “கிருஷ்ணகிரி என்ன, அமெரிக்காவுக்கு மாத்தினாக்கூட என் தம்பி அந்த ஊசியை இன்னொருத்தர் கையில குடுக்க மாட்டான். நீங்க ஊசியை எடுத்ததும் தெரிஞ்சிட்டு.”

“ரெண்டு மாசமா ஏன் சொல்லல?”

அவள் போர்வையின் ஓரத்தை விரலால் மடித்து மடித்துப் பார்த்தாள்.

“வெக்கமா இருந்துச்சு,” என்றாள்.

“வெக்கமா?”

“அன்னைக்கு நீங்க காப்பி போட உள்ள போனிய. நான் உக்காந்து பாத்தேன். நெஞ்சு அடிக்கல. கை நடுங்கல. தொண்டை அடைக்கல. என் தம்பி செத்துட்டான்னு மனசுக்குத் தெரியுது, ஒடம்புக்கு யாருமே சொல்லல. கண்ணை மூடி அவன் மூஞ்சியை நெனச்சேன். மணவறையிலேருந்து இறங்கி வந்தானே, அத நெனச்சேன். ஒரு சொட்டு வரல. நீங்க காப்பி கொண்டாந்திய, குடிச்சேன். சக்கரை சரியா இருந்துச்சு. சரியா இருக்குன்னு தெரியுது பாருங்க, அந்த நேரத்துலயும்.” போர்வையை விட்டுக் கையை மடியில் வைத்தாள். “என்ன பொம்பளை நான்னு தோணிச்சு. அப்பாவுக்கு விழுந்தவ, தம்பிக்குக் காப்பி குடிக்கேன். அப்போ அவன் மேல பாசமே இல்லியா எனக்கு? ஒங்ககிட்ட சொன்னா நீங்க அழுவிய. நீங்க அழ, நான் சும்மா பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். அத நீங்க பாத்துரக் கூடாதுன்னு நெனச்சேன். அதுக்குக் கிருஷ்ணகிரியே தேவலன்னு இருந்துட்டேன்.”

பிரமநாயகம் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டார். அவருக்கு நிறையச் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் வேறொன்று முந்திக்கொண்டு வந்தது.

“அது எத்தனாவது நாளு?”

“எது?”

“நான் ஊசி போட்டது. ஆபரேஷன்லேருந்து எத்தனாவது நாளு?”

ஜெசிந்தா முந்திக்கொண்டாள். “பத்தொம்பதும் பத்தும். இருபத்தி ஒம்பது.” அவள் கட்டிலருகே வந்தாள். “அம்மா, அப்போ உங்களுக்கு நரம்பே வந்து சேரல. முப்பது நாள் கழிச்சுத்தான் அது சுரப்பிக்குள்ள நுழையும். முதல் மாசம் சுரப்பி வெறும் பட்டாணிதான், அதுக்கு ஒண்ணும் தெரியாது. நெஞ்சு அடிக்கிறது, கை நடுங்குறது, வாய் உலர்றது, எல்லாத்துக்கும் அதுதான் ஆள் அனுப்பணும். அது அனுப்பல. அதுக்குப் பாசம் எல்லாம் கணக்கே இல்லம்மா.”

“நெசமாவா சொல்லுத?”

“நெசம்.”

“என்னைத் தேத்துறதுக்குச் சொல்லல?”

“இந்த ஆஸ்பத்திரியில தேத்துறதுக்கு வேற ஆள் இருக்காங்க. நான் படம் பாக்குறவ.”

வடிவு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையை, அது ஏதோ பேசப்போகிறது என்பதுபோலப் பார்த்தாள். வெளியே வராந்தாவில் யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

“அப்போ இப்ப அதுக்குத் தெரியுமா?” என்றாள் வடிவு.

“இப்போ நரம்பு வந்திருக்கும்மா. ஆனா யாரும் அதைக் கூப்பிட்டதில்ல. இன்னைக்குச் சாயங்காலத்துக்கு மேல கூப்பிட்டாலும் கேக்காது.”

“இப்ப நான் சொன்னேனே, தம்பி செத்துட்டான்னு. அதுக்கு?”

ஜெசிந்தா தலையசைத்தாள். “அசையல. அந்தச் சேதியை நீங்க ரெண்டு மாசமா மனசுக்குள்ளயே சொல்லிச் சொல்லி வழவழன்னு ஆக்கி வச்சிருக்கீங்க.”

பிரமநாயகம் எழுந்து நின்றார். தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். “என்னாலதான் எல்லாம். ஒண்ணும் உள்ள வரக் கூடாதுன்னு கதவைச் சாத்துனேன். நீ அழக்கூட முடியாமப் போச்சு.”

“அப்படிச் சொல்லாதிய. ஊசியைப் பிடிச்சியளே, அது போதும்.” அவள் அவர் விரல்களைப் பிடித்து, ஊசி பிடித்துக் காய்த்ததுபோல இருந்த இடத்தைத் தடவினாள். அவளுக்குள் எதுவோ ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. பிறகு அவர் கையை விட்டாள். தலையணையைச் சரிசெய்து, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, வீட்டுக்கூடத்தில் ஒரு சாதாரணக் காலையில் உட்கார்ந்திருப்பவள்போல உட்கார்ந்தாள்.

“ஏங்க, எனக்கு ஒண்ணு செய்யணும் நீங்க. எனக்குத் தெரியும்ங்கிறதை மறந்துருங்க. எந்திச்சு அந்தக் கதவுக்கு வெளிய போங்க. இப்பத்தான் போன் வந்த மாதிரி உள்ள வாங்க. வந்து, அன்னைக்கு ஒங்களுக்கு எப்படிச் சொன்னாவளோ அதே மாதிரி எனக்குச் சொல்லுங்க. அவன் அன்னைக்கு வேலைக்குப் போயிருந்தானா, எத்தனை மாட்டுக்கு ஊசி போட்டான், எங்க விழுந்தான், தண்ணி கேட்டானா, யாரு குடுத்தா, ஒண்ணையும் எனக்காகக் குறைக்காதிய. அவன் அக்காவா ஒரு தடவையாவது நான் அவனுக்கு அழணும். சொல்லிட்டு வாசல்லயே நிக்காதிய, என்ன? சொன்ன கையோட வந்து என்னைப் பிடிச்சுக்கிடுங்க.”